பூட்டிய கதவும் திறந்த ஜன்னலும்

எண்ணிக்கை ஒரு விசித்திரமான பண்டம். அதை எப்படி அடுக்கி வைக்கிறோமோ அப்படியே அது பேசும். 2020-ம் வருஷத்தில் நடந்த அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலை எடுத்துக்கொள்வோம். குடியரசுக் கட்சியின் அபேட்சகராகிய டொனால்டு டிரம்புக்கு, ஐம்பது ராஜ்யங்களுள் எந்த ராஜ்யத்தில் மிக அதிகமான வோட்டுகள் விழுந்தன? டெக்ஸஸ் என்பார் சிலர். புளோரிடா என்பார் வேறு சிலர். இரண்டும் அல்ல. அந்தக் கட்சியாரின் விரோதிக் கோட்டை என்று பெயர் வாங்கிய காலிபோர்னியாதான்! அங்கே அவருக்கு 60 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட வோட்டுகள் கிடைத்தன. டெக்ஸஸில் கிடைத்தவை 59 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

ஆனால் அந்த 60 லட்சம் வோட்டுகளால் அவருக்கு விளைந்த பயன் என்ன? ஒன்றும் இல்லை. எதிர்த் தரப்பில் ஜோ பைடனுக்கு 1 கோடியே 11 லட்சம் வோட்டுகள் விழுந்தபடியால், ராஜ்யத்தின் 55 தேர்வாளர் ஸ்தானங்களும் மொத்தமாக அவரைச் சேர்ந்தன. அறுபது லட்சம் பேர் என்பது பல ஐரோப்பிய நாடுகளின் ஜனத்தொகைக்குச் சமானம். இவ்வளவு பெருங்கூட்டம் தன் சொந்த ஊரில், சொந்த வீட்டில், அரசியலில் விருந்தாளியைப் போல் வாழ்கிறது. இவர்கள் தங்கள் ராஜ்யத்தையும் ஊரையும் எப்படிப் பார்க்கிறார்கள், இவர்கள் பேச்சுக்கு ஏதாவது மதிப்பு உண்டா என்பதை இந்த வாரம் நம் நேயர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

முதலில் ஒரு வார்த்தை விளக்கம். நம் நாட்டில் ஒரு காலத்தில் 'லிபரல்' என்றால் மகாகனம் சீனிவாச சாஸ்திரியார் போன்ற மிதவாதிகளைக் குறிக்கும். 'எதிலும் நிதானம்' என்பதே அவர்களுடைய கொள்கை. அமெரிக்காவிலோ சர்க்கார் பலவற்றையும் முன்னின்று செய்யவேண்டும், சமூகத்தை விரைவாக மாற்றவேண்டும் என்பவர்களுக்கு அந்தப் பெயர். அவர்களுக்கு எதிரிடையான 'கன்ஸர்வேட்டிவ்' என்பவரை நாம் இங்கே பழமைப்பற்றாளர் என்று அழைப்போம். வரி குறைவாக இருக்கவேண்டும், வீதியில் பயமின்றி நடக்கவேண்டும், குழந்தையின் படிப்பில் பெற்றோருக்குச் சொல் உரிமை வேண்டும், நன்றாக நடந்துவரும் ஒன்றை மாற்றுமுன் இரண்டு தடவை யோசிக்கவேண்டும் என்பவை அவருடைய கோரிக்கைகள். அவர் ஒரே அச்சில் வார்த்த மனிதருமல்ல. மத்தியப் பள்ளத்தாக்கில் பாதாம் பயிரிடும் விவசாயி, ஆரஞ்சு ஜில்லாவில் கடை வைத்திருக்கும் வியட்நாம் அகதி, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகும் மெக்ஸிகோ வம்சத்துத் தொழிலாளி எல்லாரும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

கதவு பூட்டப்பட்ட கதை

காலிபோர்னியா எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1952 முதல் 1988 வரை நடந்த பத்து ஜனாதிபதித் தேர்தல்களில் ஒன்பதில் அந்த ராஜ்யம் குடியரசுக் கட்சிக்கே வோட்டளித்தது. 1964 ஒன்றே விலக்கு. ரிச்சர்டு நிக்ஸன் பிறந்த மண் அது. ரொனால்டு ரீகன் 1967 முதல் 1975 வரை கவர்னராக இருந்து, அங்கிருந்துதான் வாஷிங்டனுக்குப் புறப்பட்டார்.

இன்றைய நிலையோ தலைகீழ். 2006-ம் வருஷத் தேர்தலுக்குப் பிறகு, 2022 வரை நடந்த தேர்தல்கள் எதிலும், ராஜ்யம் முழுமைக்கும் பொதுவான எந்தப் பதவியையும் குடியரசுக் கட்சியார் கைப்பற்றவில்லை. 2024 தேர்தல் முடிந்தபோது, சட்டசபையின் 80 ஸ்தானங்களில் 60-ம், மேல்சபையின் 40-ல் 30-ம் ஜனநாயகக் கட்சியாருடையவை. நாலில் மூன்று பங்கு! எதிர்க்கட்சி அங்கத்தினர் எல்லாரும் ஒரு நாள் வீட்டிலேயே இருந்துவிட்டாலும் சபையின் காரியம் ஒன்றும் தடைப்படாது.

2010-ல் ஜனங்கள் ஏற்றுக்கொண்ட ஒரு தேர்தல் திருத்தம் நிலைமையை இன்னும் விசித்திரமாக்கிற்று. முதற் சுற்றில் கட்சி பேதமின்றி எல்லா அபேட்சகர்களும் போட்டியிடுவார்கள். அதில் முதல் இரண்டு இடம் பெற்றவர்கள் மட்டும் கடைசிச் சுற்றில் நிற்பார்கள். அதன் பயனாக 2016-ல் அமெரிக்க செனட் சபைக்கு நின்ற இருவருமே ஜனநாயகக் கட்சியார். அவர்களுள் வென்றவர், சென்னையில் பிறந்த தாயாரின் புதல்வியாகிய கமலா ஹாரிஸ். 2018-லும் அதே கதை நடந்தது. பழமைப்பற்றாளர் வோட்டுச் சாவடிக்குப் போனால் தம் கட்சிப் பெயரையே சீட்டில் காணமுடியாது. இரண்டு எதிரிகளில் எவர் கொஞ்சம் தேவலை என்று பார்த்து முத்திரையிட வேண்டியதுதான்.

ஜன்னல் ஒன்று உண்டு

கதவு இப்படிப் பூட்டப்பட்டிருந்தாலும் ஜன்னல் ஒன்று திறந்திருக்கிறது. அதைத் திறந்துவைத்தவர் ஹிராம் ஜான்ஸன் என்ற கவர்னர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸதர்ன் பஸிபிக் ரயில்வே கம்பெனி காலிபோர்னியா சட்டசபையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பிடியை உடைக்க, 1911-ம் வருஷத்தில் ஜனங்களுக்கு மூன்று ஆயுதங்கள் அளிக்கப்பட்டன. சட்டசபையைக் கேளாமல் ஜனங்களே சட்டம் செய்துகொள்ளலாம். சட்டசபை செய்த சட்டத்தை ஜனங்கள் ரத்துச் செய்யலாம். பிடிக்காத அதிகாரியைப் பதவிக்காலம் முடியுமுன்பே திருப்பி அழைக்கலாம். குறிப்பிட்ட அளவு கையொப்பம் சேர்த்தால் போதும், விஷயம் வோட்டுக்கு வந்துவிடும்.

சீர்திருத்தக்காரர்கள் செய்துவைத்த இந்த ஆயுதங்கள் பிற்காலத்தில் பழமைப்பற்றாளருக்கே கேடயமாகும் என்று ஜான்ஸன் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். சட்டசபைக்குள் கைதூக்க ஆள் இல்லாதவர்கள், தெருவில் கையொப்பம் வாங்கத் தொடங்கினார்கள்.

13-ம் எண் பிரேரணை

அவற்றுள் மிகப் பிரசித்தமானது 1978-ம் வருஷம் ஜூன் மாதம் நிறைவேறிய 13-ம் எண் பிரேரணை. 'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது நம் ஊர்ப் பழமொழி. அந்தத் தனி வளைக்கே ஆபத்து வந்தபோது அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள்.

1970-களில் காலிபோர்னியாவில் வீட்டு விலை மளமளவென்று ஏறிற்று. வீட்டின் மதிப்பை ஒட்டியே வீட்டு வரி. ஆகவே உத்தியோகத்திலிருந்து விலகிப் பென்ஷனில் காலந்தள்ளும் ஒரு கிழவர், வீட்டில் ஒரு செங்கல் கூடக் கூட்டாமலே, ஆண்டுக்கு ஆண்டு கூடுதல் வரி கட்டவேண்டியதாயிற்று. விலை உயர்ந்தது காகிதத்தில். வரி கேட்டதோ ரொக்கத்தில். வீட்டை விற்றால்தான் வரி கட்டலாம் என்ற நிலை பலருக்கு வந்தது. இத்தனைக்கும் ராஜ்யத்தின் கஜானாவிலோ பெருந்தொகை உபரியாகக் கிடந்தது. சட்டசபையார் பரிகாரம் தேடுவதாகச் சொல்லிப் பேசிக்கொண்டேயிருந்தார்கள்.

அப்போது ஹாவர்டு ஜார்விஸ் என்ற எழுபது வயது கடந்த மனிதர், பால் கான் என்பவருடன் கூடிக்கொண்டு, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களைச் சேகரித்துவிட்டார். பிரேரணை மிகவும் எளியது. வீட்டு வரி, மதிப்பில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. மதிப்பை 1975-ம் வருஷத்து நிலைக்கு இறக்கவேண்டும். அதன்பின் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. வீடு கைமாறும்போது மட்டும் புது விலைப்படி மதிப்பிடலாம். ராஜ்யத்தின் வரிகளை உயர்த்தவேண்டுமானால் சட்டசபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்.

கவர்னர் ஜெர்ரி பிரவுன் எதிர்த்தார். பள்ளிக்கூடங்கள் மூடிப்போகும், தீயணைக்கும் படை கலைந்துபோகும் என்று பெரிய மனிதர்கள் எச்சரித்தார்கள். ஜனங்கள் கேட்கவில்லை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்து வோட்டளித்தார்கள். மறுநாள் முதலே கவர்னர் பிரவுன் அந்தச் சட்டத்தை நிறைவேற்றுவதில் மகா உற்சாகம் காட்டினார். அதே வருஷம் மறுபடி கவர்னராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசியல்வாதியின் காதுக்கு வோட்டுப் பெட்டியின் ஓசையைப் போல் இனியது வேறில்லை!

இந்தச் சட்டத்தால் தீமையே விளையவில்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1975-ல் 50,000 டாலர் மதிப்புள்ள ஒரு வீடு. ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் ஏறினால் 2020-ல் வரிக்குரிய மதிப்பு சுமார் 1,22,000 டாலர்; அடிப்படை வரி சுமார் 1,220 டாலர். அடுத்த வீடு, அதே அளவு, அதே தோட்டம். அதை 2020-ல் ஒருவர் 10 லட்சம் டாலருக்கு வாங்கினால் வரி 10,000 டாலர். ஒரே வீதியில், ஒரே குப்பை வண்டிக்கும் ஒரே போலீஸுக்கும் எட்டு மடங்கு வித்தியாசம்! சிலிக்கன் பள்ளத்தாக்கில் குடியேறி வீடு வாங்கியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால் இந்த அநீதியைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். 1992-ல் இவ்வழக்கு அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. கோர்ட்டார் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தார்கள்.

இன்னொரு விளைவும் உண்டு. பழமைப்பற்றாளர் அதை அதிகமாக எடுத்துச் சொல்வதில்லை. ஊர் வரி சுருங்கியதும், பள்ளிக்கூடத்துக்கும் ஜில்லாவுக்கும் பணம் ராஜ்யத் தலைநகராகிய ஸாக்ரமெண்டோவிலிருந்து வரவேண்டியதாயிற்று. பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்துதான் உத்தரவும் வரும். ஊர்க் காரியத்தை ஊரார் பார்க்கவேண்டும் என்ற கொள்கையுடையவர்களே, அதிகாரத்தைத் தலைநகருக்கு மூட்டை கட்டி அனுப்பிவிட்டார்கள்.

ஆயினும் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. முதியவர் தம் வீட்டிலேயே கண் மூடலாம் என்ற உறுதி அந்தச் சட்டத்தால் பிறந்தது. 2020-ல் வியாபாரக் கட்டிடங்களுக்கு மட்டுமாவது அந்தப் பாதுகாப்பை நீக்கலாம் என்று 15-ம் எண் பிரேரணை கொண்டுவந்தபோதுகூட ஜனங்கள் அதை நிராகரித்துவிட்டார்கள்.

ஒரே நாள், இரண்டு தீர்ப்பு

அந்த 2020-ம் வருஷத் தேர்தலே மிகச் சுவையானது. காலிபோர்னியா வோட்டர்களில் நூற்றுக்கு 63 பேருக்கு மேல் பைடனை ஆதரித்தார்கள். அதே நாளில், அதே சீட்டில், உத்தியோகத்திலும் கல்லூரியிலும் ஜாதி இனம் பார்த்துச் சலுகை தருவதை மீண்டும் அனுமதிக்கும் 16-ம் எண் பிரேரணையை நூற்றுக்கு 57 பேர் தோற்கடித்தார்கள். வாடகைக் கட்டுப்பாட்டை விஸ்தரிக்கும் பிரேரணையும் தோற்றது.

2024-லும் இதுவே நடந்தது. 2014-ல் ஏற்ற ஒரு சட்டத்தால், 950 டாலர் மதிப்பு வரையுள்ள திருட்டு சிறு குற்றமாகக் கருதப்பட்டது. கடைகளில் சாமான்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும் காலம் வந்ததும் ஜனங்களுக்குச் சலிப்பு உண்டாயிற்று. தண்டனையைக் கடுமையாக்கும் 36-ம் எண் பிரேரணை வோட்டுக்கு வந்தது. கவர்னர் கேவின் நியூஸம் எதிர்த்தார். நூற்றுக்கு 68 பேர் ஆதரித்தார்கள். ஜனாதிபதிப் பதவிக்குக் கமலா ஹாரிஸை ஆதரித்த அதே ராஜ்யம், அதே தினத்தில் இப்படியும் தீர்ப்புச் சொல்லிற்று.

இதற்கு அர்த்தம் என்ன? கட்சியின் பெயரைக் கண்டால் வெறுக்கும் ஜனங்கள், அந்தக் கட்சி சொல்லும் சில நியாயங்களை வெறுக்கவில்லை. ஆனால் பழமைப்பற்றாளர் இதைக் கொண்டு அதிகமாகத் துள்ளவும் வேண்டாம். 2012-ல் வருமான வரியை உயர்த்தும் பிரேரணையை இதே ஜனங்கள்தான் ஏற்றார்கள். 2018-ல் பெட்ரோல் வரி உயர்வை ரத்துச் செய்யச் சொன்னபோது மறுத்தார்கள். 2021-ல் கவர்னர் நியூஸமைத் திருப்பி அழைக்க முயன்றபோது, நூற்றுக்கு 62 பேர் 'இருக்கட்டும்' என்றார்கள். ஜன்னல் வழியாகக் காற்றும் வரும், மழையும் வரும்.

பள்ளிக்கூட போர்டு படித்த பாடம்

ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அங்கே குடியரசுக் கட்சியில் பெயர் பதிந்திருப்பவர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. அங்கே கட்சி பேசி ஜெயிப்பது கல்லில் நார் உரிப்பது போலாகும்.

கோவிட் நோயின் காரணமாகப் பள்ளிக்கூடங்கள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. குழந்தைகள் எப்போது வகுப்புக்குத் திரும்புவார்கள் என்று பெற்றோர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2021 ஜனவரியில் நகரப் பள்ளிக்கூட போர்டார் கூடி, 44 பள்ளிக்கூடங்களின் பெயரை மாற்றவேண்டும் என்று தீர்மானித்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டன், ஆப்ரஹாம் லிங்கன் பெயர்கள்கூட அந்தப் பட்டியலில் இருந்தன. கதவைத் திறக்க வழி காணாதவர்கள், கதவுமேல் இருக்கும் பெயர்ப்பலகையைப் பற்றி விவாதித்தார்கள்! போதாக்குறைக்கு, திறமை பார்த்துச் சேர்க்கும் லோவெல் உயர்தரப் பள்ளியில் குலுக்குச் சீட்டு முறையைப் புகுத்தினார்கள்.

பெற்றோர் பொறுமை இழந்தார்கள்; சீன வம்சத்தினர் அதில் முன்னணியில் நின்றார்கள். 2022 பிப்ரவரியில் மூன்று போர்டு அங்கத்தினர்களை வோட்டர்கள் பெருவாரியாகத் திருப்பி அழைத்தார்கள். நகர மேயரே, ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர், அவர்களைத் திருப்பி அழைக்க ஆதரவு தந்தார். ஜூன் மாதத்தில் குற்றவாளிகளிடம் மிருதுவாக நடந்துகொண்டார் என்ற புகாருக்கு ஆளான நகரத்துச் சர்க்கார் வக்கீலும் பதவி இழந்தார். லோவெல் பள்ளியில் பழைய முறையும் திரும்பிற்று.

இங்கே ஜெயித்தது எந்தக் கட்சி? எந்தக் கட்சியும் அல்ல. காலிபோர்னியாவில் நகரசபை, ஜில்லா போர்டு, பள்ளிக்கூட போர்டு முதலிய ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்களில் அபேட்சகரின் பெயருக்கு எதிரே கட்சிப் பெயர் அச்சிடுவதில்லை. ஆகவே மனிதரைப் பார்த்து, காரியத்தைப் பார்த்து வோட்டளிக்க இடமிருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கு 1993 முதல் 2001 வரை ரிச்சர்டு ரியோர்டன் என்ற குடியரசுக் கட்சியாரும், ஸான் டியேகோவுக்கு 2014 முதல் 2020 வரை கெவின் பால்கனர் என்ற அக்கட்சியாரும் மேயராக விளங்கினார்கள். சாக்கடை அடைப்பை நீக்குவதற்குக் கட்சிக் கொள்கை தேவையில்லை என்பதை ஜனங்கள் அறிவார்கள்.

மலை ஜில்லாக்களின் மனத்தாங்கல்

நகரத்தில் வாழும் பழமைப்பற்றாளருக்கு இவ்வளவாவது ஆறுதல் உண்டு. வடக்கே ஆரெகன் எல்லையை ஒட்டிய மோடாக், சிஸ்கியூ முதலிய மலை ஜில்லாக்களில் வாழ்பவர்க்கு அதுவும் இல்லை. அங்கே காடும் மாட்டுப் பண்ணையும் அதிகம், ஜனங்கள் சொற்பம். துப்பாக்கிச் சட்டம், தண்ணீர்ச் சட்டம், வனச் சட்டம் எல்லாம் பல நூறு மைலுக்கு அப்பாலிருந்து வருகின்றன.

ஒரு காலத்தில் இவர்கள் கை ஓங்கியிருந்தது. அப்போது மேல்சபை ஸ்தானங்கள் ஜில்லா வாரியாகப் பங்கிடப்பட்டிருந்தன. 60 லட்சம் ஜனங்களைக் கொண்ட லாஸ் ஏஞ்சலஸ் ஜில்லாவுக்கும் ஒரே ஸ்தானம். சுமார் 14,000 பேர் வாழ்ந்த மூன்று மலை ஜில்லாக்களுக்கும் ஒரு ஸ்தானம். இது அநியாயம் என்பதில் சந்தேகமில்லை. 1964-ல் சுப்ரீம் கோர்ட்டு 'ஒவ்வொரு வோட்டும் சமம்' என்று தீர்ப்பளித்தபின் அந்த ஏற்பாடு ஒழிந்தது. ஆனால் ஒரு அநியாயம் ஒழியும்போது அதன் நிழலில் ஒதுங்கியிருந்தவர்கள் வெயிலில் நிற்க நேரிடுகிறது. தனி ராஜ்யமாகப் பிரிந்து 'ஜெபர்ஸன்' என்று பெயர் வைத்துக்கொள்ளவேண்டும் என்ற 1941-ம் வருஷத்து யோசனை, 2013-ல் சிஸ்கியூ ஜில்லா போர்டாரின் தீர்மானத்தில் மீண்டும் தலைகாட்டியது இதனால்தான்.

அண்மையில் இன்னொரு அடியும் விழுந்தது. தொகுதிகளின் எல்லையைக் கட்சிக்காரர்கள் வகுக்கக்கூடாது என்று 2008-லும் 2010-லும் ஜனங்கள் வோட்டளித்து, ஐந்து ஜனநாயகக் கட்சியார், ஐந்து குடியரசுக் கட்சியார், நான்கு பொதுமனிதர் அடங்கிய 14 பேர் கமிஷனை ஏற்படுத்தியிருந்தார்கள். மற்ற ராஜ்யங்கள் பின்பற்றத்தக்க முறை அது. 2025-ல் டெக்ஸஸ் குடியரசுக் கட்சியார் தங்களுக்கு ஐந்து ஸ்தானங்கள் கூடுமாறு எல்லைகளைத் திருத்தினார்கள். அதற்குப் பதிலடியாகக் காலிபோர்னியாவில் 50-ம் எண் பிரேரணை வந்து, நவம்பர் மாதம் பெருவாரியாக நிறைவேறிற்று. கமிஷன் வகுத்த காங்கிரஸ் தொகுதிகள் 2030 வரையில் ஒதுக்கி வைக்கப்பட்டன. மாடு மேய்க்கும் மோடாக் ஜில்லா, ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு அண்டையில் செல்வர் வாழும் மேரின் ஜில்லாவுடன் ஒரே தொகுதியில் பிணைக்கப்பட்டது. டெக்ஸஸில் எவனோ செய்த குற்றத்துக்கு மோடாக் விவசாயி அபராதம் கட்டுகிறான்.

தாமே மூடிக்கொண்ட கதவு

பழமைப்பற்றாளரின் குறைகளையெல்லாம் சொன்னோம். அவருடைய பிழையையும் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. 1994-ல் அனுமதியின்றிக் குடியேறியவர்களுக்குப் பள்ளிப் படிப்பும் வைத்தியமும் மறுக்கும் 187-ம் எண் பிரேரணையை அக்கட்சிக் கவர்னர் பீட் வில்ஸன் முன்னின்று ஆதரித்தார். அது வென்றது, ஆனால் பெடரல் கோர்ட்டார் தடுத்துவிட்டபடியால் அமுலுக்கு வரவில்லை. சட்டம் செத்தது, மனக்காயம் சாகவில்லை. 'எங்களை வேண்டாதவர்கள்' என்று மெக்ஸிகோ வம்சத்து வாலிபர் பலர் அந்தக் கட்சியைக் குறித்துக்கொண்டார்கள். அவர்களுடைய வோட்டு வளர வளரக் கட்சி தேய்ந்தது. உழைப்பிலும் குடும்பப் பற்றிலும் பக்தியிலும் தம்மோடு ஒத்த ஜனங்களையே அவர் வாசலில் நிறுத்திவைத்தார்.

வெற்றி பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு அதிவேக ரயில் விடுவதற்காக 2008-ல் ஜனங்கள் 995 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு அனுமதி தந்தார்கள். 2020-ல் ரயில் ஓடும் என்றார்கள். 2020 வந்து போயிற்று, ரயில் வரவில்லை. செலவு மதிப்போ 3,300 கோடி டாலரிலிருந்து 10,000 கோடிக்கு மேல் ஏறிவிட்டது. 2020 ஜனக்கணக்குக்குப் பிறகு, அந்த ராஜ்யம் தன் சரித்திரத்தில் முதல் தடவையாகக் காங்கிரஸில் ஒரு ஸ்தானத்தை இழந்தது. இடித்துச் சொல்ல ஆளில்லாத சபையில் நல்லெண்ணம் குறைவதில்லை; கணக்குப் பார்ப்பதுதான் குறைகிறது.

சிறுபான்மைக் கட்சி எப்போதும் நியாயமே பேசும் என்பதில்லை. ஆனால் அது பேசவேண்டும், பெரும்பான்மையார் கேட்கவேண்டும். காலிபோர்னியாவின் பழமைப்பற்றாளர் கதவைத் தட்டி அலுத்துவிட்டால் டெக்ஸஸுக்கோ ஐடஹோவுக்கோ மூட்டை கட்டலாம். பலர் அப்படியே செய்திருக்கிறார்கள். ஆனால் தங்கியிருந்து, பள்ளிக்கூட போர்டுக் கூட்டத்துக்குப் போய், அடுத்த வீட்டுக்காரரிடம் கட்சி பேசாமல் காரியம் பேசி, ஜன்னல் வழியாகவாவது தம் சொல் உள்ளே போகும்படி செய்கிறாரே, அவரே அந்த ராஜ்யத்துக்கு நல்ல பிரஜை என்பது நம் அபிப்பிராயம். அவர் போய்விட்டால் நஷ்டம் அவருக்கு மட்டுமல்ல, உள்ளே உட்கார்ந்து ஆள்பவர்களுக்கும் உண்டு.